கடல்நீரின் வெப்பமும் மெல்லுடலிகளின் இனப்பெருக்கச் சுரப்புகளும்

கடற்கரை மணலில் ஒதுங்கிக் கிடக்கும் சிப்பியோட்டைக் கையிலெடுத்துப் பார்க்கும் ஒருவருக்கு, அதனுள் முன்பு வாழ்ந்த உயிர் காலமறிந்து வாழ்ந்தது என்னும் எண்ணம் எளிதில் தோன்றுவதில்லை. அதற்கு நம்முடையன போன்ற கண்ணில்லை, செவியில்லை, பாறையிற் பற்றிய பின் இடம்பெயர்தலும் பெரும்பாலும் இல்லை. ஆயினும் ஆண்டில் ஒரு குறித்த காலத்திலே, ஒரே படுகையிலுள்ள பல்லாயிரஞ் சிப்பிகள் ஏறக்குறையச் சில மணி நேரத்துள் தம் முட்டைகளையும் விந்துக்களையும் நீரிற் சொரிகின்றன. கருக்கட்டல் உடலுக்கு வெளியே, பரந்த கடல்நீரிலேயே நிகழ்வதாதலின், ஒன்று முந்தியும் மற்றொன்று பிந்தியும் சொரியுமாயின் இரண்டின் உழைப்பும் வீணாகும். எனவே இவ்வுயிர்களின் வாழ்வில் 'எப்பொழுது' என்னும் வினா, 'எவ்வாறு' என்பதினும் முதன்மையானது.

இவ்வினாவிற்கு மிகப் பழைய விடை, நீரின் வெப்பம் என்பதாகும். இங்கிலாந்தின் பிளிமது நகரக் கடலுயிரியல் நிலையத்தில் ஆராய்ந்த ஓட்டன் என்பார், 1920 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில், கடல்விலங்கினம் ஒவ்வொன்றுக்கும் இனப்பெருக்கந் தொடங்குதற்குரிய வெப்பநிலை ஒன்று உண்டு என்றும், அஃது அவ்வினத்திற்கு ஏறக்குறைய மாறாத இயல்பு என்றும் எடுத்துக்காட்டினார். ஐரோப்பாவின் தட்டையான உண்சிப்பி, நீர் சதமவளவில் 15 அல்லது 16 பாகையை எய்தும்போது இனப்பெருக்கத்தைத் தொடங்குதல் இதற்கு அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று. இக்கொள்கையின் எளிமை பலரைக் கவர்ந்தது. வெப்பமானி ஒன்றைக் கடலிலே தாழ்த்திவிட்டால், சிப்பிக்குஞ்சுகள் பற்றுதற்குரிய ஓடுகளை எந்நாளில் நீரில் இடுவதென்று சிப்பி வளர்ப்போர் கணித்துக்கொள்ளலாம் அன்றோ?

ஆனால் இயற்கை அவ்வளவு எளிதில் ஒரு சூத்திரத்துள் அடங்குவதில்லை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வடக்கே கனடா முதல் தெற்கே மெச்சிக்கோக் குடா வரை ஒரே இனச் சிப்பி பரந்து வாழ்கின்றது. கொனெற்றிக்கட்டு மாநிலத்து மில்போட்டு ஆய்வுகூடத்தில் லூசனோவ் என்பாரும் அவருடன் உழைத்தோரும், தெற்கிலிருந்து கொணர்ந்த சிப்பிகளை வடபுலத்துச் சிப்பிகளோடு ஒரே நீரில் வாழவிட்டு நோக்கினர். வடபுலத்தன முதிர்ந்து முட்டையிட்ட வெப்பநிலையில், தென்புலத்தன முதிராதிருந்தன. உருவத்தில் வேறுபாடில்லை, ஆயினும் வெப்பத்திற்கு அவை காட்டிய எதிர்வினை வேறு. எனவே, இனம் முழுவதற்கும் ஒரே எண் என்பது பொருந்தாது. நெடுங்காலம் ஒரு புலத்தில் வாழ்ந்த கூட்டம் அப்புலத்திற்குரிய அளவுகோலைத் தன்னுள் அமைத்துக்கொள்ளுகின்றது எனல் வேண்டும். இதே ஆய்வுகூடத்தார் மற்றொன்றையுஞ் செய்து காட்டினர். கடுங்குளிர் காலத்தில் கடலிலிருந்து எடுத்த சிப்பிகளைப் படிப்படியாக வெதுவெதுப்பாக்கிய நீரில் வைத்துச் சில கிழமைகளுள் முதிரச்செய்து, பின்னர் வெப்பத்தைத் திடீரென உயர்த்தி, வெளியே பனி கொட்டுங் காலத்திலேயே முட்டையிடச் செய்தனர். இன்று உலகெங்கும் நடைபெறும் சிப்பிக்குஞ்சு உற்பத்தி நிலையங்கள் இம்முறையின் வழிவந்தனவே.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ளல் வேண்டும். வெப்பம் இரு தொழில்களைச் செய்கின்றது. கிழமைக்கணக்காக நீடிக்கும் மெல்லிய வெப்பம், சனனிகளை முதிர்விக்கின்றது. ஓரிரு மணி நேரத்துத் திடீர் ஏற்றம், முதிர்ந்தவற்றை வெளியேற்றுகின்றது. முன்னையது சமைத்தல், பின்னையது பரிமாறல். சமையாத அடுப்பங்கரையில் எத்துணை முறை மணியடித்தாலும் உணவு வாராதவாறு போல, முதிராத சிப்பியை எவ்வளவு சூடேற்றினும் அது முட்டையிடாது.

முதிர்தலை வெப்பத்தின் நேரடியான வேதியியல் விளைவென்றே கருதியோரும் உளர். வெப்பம் 10 பாகை உயர, உயிருடலில் நிகழும் மாற்றங்களின் வேகம் இருமடங்கோ மும்மடங்கோ ஆகுமென்பது பொதுவிதி. ஆனால் வெறும் வேக மிகுதியே காரணமாயின், சற்றே குளிர்ந்த நீரில் சிப்பி சற்றே பிந்தி முட்டையிடல் வேண்டும். எல்லாச் சிப்பிகளும் படிப்படியாகச் சிதறிச் சொரியவும் வேண்டும். நிகழ்வதோ வேறு. ஒரு நாள் ஒன்றுமில்லை. மறுநாள் படுகை முழுவதும் நீர் பால்போல் வெளுக்கின்றது. கதவொன்று திறக்கப்படுவது போன்ற இந்நிகழ்ச்சி, உடலினுள் ஆணையிடும் அமைப்பொன்று உண்டென்பதைச் சுட்டுகின்றது. அவ்வாணையைக் கொண்டு செல்வன ஓமோன்கள்.

ஓமோன் என்னுஞ் சொல்லை 1905 ஆம் ஆண்டில் ஆங்கில உடற்றொழிலியலறிஞர் இசுட்டாலிங்கு வழக்குக்குக் கொணர்ந்தார். முள்ளந்தண்டுள்ள விலங்குகளில் அவற்றைச் சுரக்குஞ் சுரப்பிகள் தனித்தனி உறுப்புகளாக அமைந்துள்ளன. கபச்சுரப்பி, கேடயச்சுரப்பி, அதிரீனற் சுரப்பி என அவற்றை அறுத்து எடுத்துக் காட்டவும் இயலும். சிப்பியிலும் மட்டியிலும் அத்தகைய தனிச் சுரப்பிகளைத் தேடியோர் நெடுங்காலம் ஏமாற்றமே அடைந்தனர். அவற்றில் சுரப்புத் தொழிலைப் பெரும்பாலும் நரம்புக்கலங்களே மேற்கொண்டிருப்பது பின்னரே புலனாயிற்று. செய்தியை மின்னலை போல் நரம்பு வழியே செலுத்தும் அதே கலம், ஓமோனையும் ஆக்கிக் குருதியிற் கலக்கின்றது. புறத்தே வெப்பம் மாறுவதை உணரும் நரம்புத் தொகுதியே அகத்தே ஆணையையும் பிறப்பிப்பதாதலின், இடையே தரகர் வேண்டியதில்லை.

பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர் லுபே 1955 ஆம் ஆண்டில், நீலமட்டி எனப்படும் உண்மட்டியிலும் விசிறிச்சிப்பி ஒன்றிலும் நரம்புத் திரட்டுகளை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டார். சனனிகள் முதிருங் காலத்தில் மூளைத்திரட்டின் கலங்களிற் சுரப்புமணிகள் நிறைந்து காணப்பட்டன. முட்டையிடுதற்குச் சற்று முன்னர் அவை வெறுமையாயின. மூளைத்திரட்டை வெட்டி நீக்கிய மட்டிகள் மற்றையவற்றினும் விரைவில் முட்டையிட்டன. இதிலிருந்து, அத்திரட்டிலிருந்து வருவது தூண்டும் பொருளன்று, தடுக்கும் பொருள் என்று அவர் கருதினார். அணையைத் திறத்தலும் நீரைத் தள்ளுதலும் விளைவில் ஒன்று போலத் தோன்றினும் செயலில் வேறாம் என்பதை இச்சோதனை நன்கு விளக்கும்.

தூண்டும் பொருள்களுள் ஒன்று யப்பானில் வெளிப்பட்டது. 1982 ஆம் ஆண்டில் மற்சுத்தானி, நொமூரா என்னும் இருவர், வடயப்பானியக் கடலின் பெரிய விசிறிச்சிப்பிக்குச் செரற்றோனின் என்னும் பொருளை ஊசிவழி ஏற்றியபோது, அது விரைவில் புணரிகளைச் சொரியக் கண்டனர். மனிதர் மூளையிலும் நரம்புக் கலங்களிடையே செய்தி கொண்டு செல்வது இதே செரற்றோனின் ஆகும். பல இனச் சிப்பிகளிலும் மட்டிகளிலும் இதே விளைவு பின்னர் பெறப்பட்டது. முதிர்ந்த முட்டைக்கலத்தில் நின்றுபோன பிரிவு மீண்டுந் தொடங்குதற்கும் இப்பொருள் காரணமாதல் தெரியவந்தது. வெப்பத்தால் அதிர்ச்சியூட்டுதலும் செரற்றோனின் ஏற்றுதலும் ஒரே கதவின் இருவேறு திறவுகோல்கள் போலும். முன்னையதை நரம்புத் தொகுதி உணர்ந்து தானே பொருளைச் சுரக்கின்றது. பின்னையதில் மனிதன் நரம்பின் வேலையைத் தான் செய்துவிடுகின்றான்.

எனினும் வெப்பத்திற்கும் ஓமோனுக்கும் உள்ள தொடர்பு மிகத் தெளிவாக ஆராயப்பட்டது சிப்பியிலன்று. கலிபோர்ணியாக் கரையில் வாழும் கடல்முயலிலேயாம். தலையில் முயற்காது போன்ற இரு நீட்டங்கள் உடைமையால் இப்பெயர் பெற்ற இவ்விலங்கு, நத்தைக்கு உறவானது. ஓடு தேய்ந்து சதையுள் மறைந்தது. ஒவ்வொன்றும் இருபாலுயிர். மிகப் பெரிய நரம்புக் கலங்கள் இதற்கு இருப்பதால் நரம்பியலார் இதனைப் பெரிதும் நாடினர். இது முட்டையிடும் முறை விந்தையானது. ஊர்தலையும் உண்ணுதலையும் நிறுத்தி, வாயருகிலிருந்து வெளிவரும் நீண்ட நூலைத் தலையை அசைத்து அசைத்துப் பாறையில் ஒட்டுகின்றது. ஒட்டி முடிந்தபின் அது பிழிந்த இடியப்பம் போலக் கிடக்கும். அந்நூலினுள் அடங்கிய முட்டைகள் பல இலட்சம். மக்கினிற்றி என்பார் 1934 ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, ஒரேயொரு கடல்முயல் ஐந்து மாதத்திற்குட்பட்ட காலத்தில் 47 கோடியே 80 இலட்சம் முட்டைகளை இட்டது. அத்தனையும் பிழைத்திருப்பின் கடலில் வேறெதற்கும் இடமிராது.

இம்முழு நடத்தைக்கும் ஆணை தருவது, வயிற்று நரம்புத் திரட்டின் மேற்புறத்தில் இருபுறமும் கொத்தாக அமைந்த கலங்கள். கொத்தொன்றில் ஏறக்குறைய 400 கலங்கள் உள்ளன. பை போன்ற தோற்றத்தால் பைக்கலங்கள் எனப்படும். 1967 ஆம் ஆண்டில் குப்பர்மன் என்பார் இக்கலங்களைப் பிழிந்தெடுத்த சாற்றை வேறொரு கடல்முயலின் உடலிற் செலுத்தினார், அது முட்டையிட்டது. சாற்றின் வினைப்பொருள் 36 அமினோவமிலங்கள் கோத்த ஒரு சிறு புரதச் சங்கிலி என்பது 1979 ஆம் ஆண்டில் அறுதியாயிற்று. இயற்கையில் இக்கலங்கள் நாட்கணக்காக வாளாவிருக்கும். தூண்டப்பெற்றவுடன் அத்தனையும் ஒருமித்து ஏறக்குறைய அரைமணி நேரம் இடையறாது மின்துடிப்புகளைப் பிறப்பித்து, ஓமோனைக் குருதியிற் கொட்டுகின்றன. பின்னர் பல மணி நேரத்திற்கு எவ்வகைத் தூண்டலுக்கும் அவை எளிதில் இணங்குவதில்லை. குருதியிற் சென்ற ஓமோன் சனனியை அடைந்து, அதன் தசைகளைச் சுருங்கச் செய்து முட்டைகளை வெளித்தள்ளுகின்றது. மூளைக்குச் சென்று தலையசைக்கும் நடத்தையையும் எழுப்புகின்றது.

கலிபோர்ணியாக் கடலில் இவ்விலங்கு கோடையிலே அடிக்கடியும் மாரியிலே அருமையாகவும் முட்டையிடும். ஆய்வுகூடத்தில் வெதுவெதுப்பான நீரிலும் குளிர்நீரிலும் பிரித்து வைத்தபோது, முன்னையவை பின்னையவற்றினும் அடிக்கடி முட்டையிட்டன. அவ்வாறாயின் குளிர் எவ்விடத்திற் குறுக்கே நிற்கின்றது? பைக்கலங்கள் ஓமோனை ஆக்காது விடுகின்றனவா? ஆக்கியும் வெளிவிடாதிருக்கின்றனவா? வெளிவிட்டுஞ் சனனி செவிசாய்ப்பதில்லையா?

மூன்றனுள் ஒன்றே விடையாகும் என்று எதிர்பார்த்தல் இயல்பு. ஆனால் 1969 ஆம் ஆண்டில் இசுட்டுரம்வாசரும் துணைவரும் வெளியிட்ட ஆய்வு, ஒரே நரம்புச் சாற்றை ஏற்றினும் கடல்முயல் முட்டையிடுதலும் இடாமையும் பருவத்தைப் பொறுத்து மாறுதலைக் காட்டிற்று. ஓமோன் தட்டின்றிக் கிடைக்கும்போதும் சனனி ஆயத்தமின்றேல் பயனில்லை. 1982 ஆம் ஆண்டில் பெரி என்பார் வெளியிட்ட ஆய்வோ, பைக்கலங்கள் ஓமோனை ஆக்கும் அளவே பருவந்தோறும் மாறுவதைக் காட்டிற்று. எனவே வெப்பம் ஒரே பூட்டை மாத்திரம் திறப்பதன்று. ஆணையிடுவோனையும் ஆணையை ஏற்போனையும் அது தனித்தனியே ஆயத்தஞ் செய்கின்றது. ஒரு நாள் மாத்திரம் வெயிலடித்தமையால் ஏமாந்து மாரி நடுவே முட்டையிடும் பிழை இதனாலே பெரிதும் தவிர்க்கப்படுகின்றது எனலாம்.

இவ்விடத்தில் ஒரு கருத்து வேறுபாட்டையுங் குறிப்பிடாது விடலாகாது. முள்ளந்தண்டு விலங்குகளின் பாலோமோன்களான ஈசுத்திரோசன், தெசுத்தொசுத்திரோன் முதலியன மெல்லுடலிகளிலும் உள்ளன என்றும், அவையே முதிர்தலை ஆள்கின்றன என்றும் எழுதப்பட்ட கட்டுரைகள் மிகப் பல. அவற்றை அளந்து கண்டோர் உண்மையிலேயே கண்டனர். ஆனால் அளவிற் காணப்படுவதும் தொழில் செய்வதும் ஒன்றல்ல. தோர்ன்டனும் துணைவரும் 2003 ஆம் ஆண்டில் கடல்முயலின் ஈசுத்திரோசன் ஏற்பியைப் பிரித்தெடுத்துச் சோதித்தபோது, அஃது ஈசுத்திரோசன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே தன்மையாய்த் தொழிற்பட்டது. அந்த ஓமோனை அது ஏற்கவேயில்லை. மெல்லுடலிகள் சூழ்நீரிலிருந்து இப்பொருள்களை உறிஞ்சி நெடுநாள் தேக்கிவைக்க வல்லன என்பதும் தெரிந்தபின், அவற்றின் உடலிற் காணப்படும் பாலோமோன் அவற்றுடையதுதானா என்னும் ஐயம் வலுத்துள்ளது. முள்ளந்தண்டு விலங்கின் உடலமைப்பைக் கண்ணாடியாக வைத்துக்கொண்டு சிப்பியை நோக்கும் வழக்கம் ஆராய்ச்சியாளரைப் பலகாலம் மயக்கியிருக்கின்றது என்றே தோன்றுகின்றது.

தனிச் சுரப்பி என்று சொல்லத்தக்கது ஒன்று மெல்லுடலிகளுள் உண்டாயின் அது கணவாயினத்திலே. எட்டுக் கைகளையுடைய பேய்க்கணவாயின் மூளைக்கும் கண்மடலுக்கும் இடைப்பட்ட காம்பில் சிறிய பார்வைச்சுரப்பி இருபுறமும் உள்ளது. மாட்டின் வெல்சும் யோயிசு வெல்சும் 1959 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மூளையிலிருந்து இச்சுரப்பிக்கு வரும் தடைநரம்பை அறுத்தபோது, இளம் பேய்க்கணவாயின் சனனிகள் காலத்திற்கு முன்னரே பருத்து முதிர்ந்தன. தாய் முட்டையிட்டபின் உணவை வெறுத்து, முட்டைகளைக் காத்து, அவை பொரிக்குங் காலத்தில் மடிவதும் இச்சுரப்பியின் ஆணையே. 1977 ஆம் ஆண்டில் வொடின்சுக்கி, அடைகாத்துக்கொண்டிருந்த தாயிலிருந்து இச்சுரப்பிகளை அகற்றினார். தாய் முட்டைகளைக் கைவிட்டது, மீண்டும் உண்ணத் தொடங்கிற்று, நெடுநாள் வாழ்ந்தது. தாயன்பென்று நாம் போற்றுவது ஓரிணைச் சுரப்பியின் வினையாதலைக் காண மனம் சற்றுத் துணுக்குறும்.

இங்கே வெப்பம் நிர்ணயிப்பது தாயின் தவக்காலத்தின் நீளம். பொதுப் பேய்க்கணவாயின் முட்டைகள் 25 பாகை நீரில் ஏறக்குறைய ஒரு மாதத்திற் பொரிக்கும். 13 பாகையில் 100 நாட்களுக்கு மேலாகும். கலிபோர்ணியாவுக்கு அப்பால், 1,400 மீற்றர் ஆழத்தில், 3 பாகைக் குளிரில் 2007 ஆம் ஆண்டில் முட்டைமேல் அமர்ந்த ஒரு தாய் 53 மாதங்கள் அவ்விடத்தை விட்டகலாதிருந்தது ஆழ்கடற் கருவிகளாற் கண்காணிக்கப்பட்டது. விலங்குலகில் அறியப்பட்ட மிக நீண்ட அடைகாப்பு இதுவே. அதே கரைக்கப்பால் 3,200 மீற்றர் ஆழத்தில், 1.6 பாகைக் கடுங்குளிர் நீரினிடையே, வெந்நீரூற்றுகள் கசியும் பாறைப்பிளவுகளில் ஆயிரக்கணக்கான பேய்க்கணவாய்கள் கூடி அடைகாத்தல் 2018 ஆம் ஆண்டிற் கண்டுபிடிக்கப்பட்டது. அவற்றின் கூட்டினுள் நீர் ஏறக்குறைய 5 பாகை. சூழ்நீரிற் பல ஆண்டுகள் வேண்டிய அடைகாப்பு, அங்கே இரண்டாண்டுக்குள் முடிவதாக 2023 ஆம் ஆண்டில் ஆய்வாளர் தெரிவித்தனர்.

வெப்பமண்டலக் கடலாகிய மன்னார்க் குடாவின் நிலை வேறு. 1891 ஆம் ஆண்டுக்குப் பின் 1903 வரை அங்கு முத்துச் சலாபம் நடைபெறாமையால், அதன் காரணத்தை ஆராய 1902 இல் பேராசிரியர் ஹேட்மன் இலங்கைக்கு வரவழைக்கப்பட்டார். அவருடன் வந்த ஹோணெல் இங்கே தங்கி ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1905 ஆம் ஆண்டுச் சலாபத்தில் ஏறக்குறைய 8 கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டன; சில ஆண்டுகளில் பார்கள் மீண்டும் வெறுமையாயின. இப்பார்களில் முத்துச்சிப்பியின் இனப்பெருக்கம் ஆண்டில் இருமுறை உச்சமடைவதைப் பின்வந்தோரும் கண்டனர். ஆனால் அம்மாதங்கள் எவை என்பதில் அவர்கள் ஒத்துப்போகவில்லை. வடகடல் போலக் குளிரும் கோடையும் பெரிதும் மாறுபடாத இக்கடலில், சோளகமும் வாடையும் மாறுங்கால் நிகழும் சிறு வெப்ப மாற்றமும், உவர்ப்பு மாற்றமும், நுண்ணுயிர் உணவின் பெருக்கமும் ஒன்றாய் வருவதால், எது திறவுகோல் என்று பிரித்தறிதல் கடினம். குளிர்நாட்டுச் சிப்பியிற் பெற்ற எண்களை அப்படியே பாக்குநீரிணையின் சிப்பிக்குப் பொருத்துவோர் இதனை மறத்தலாகாது.

வெப்பம் தடையாய் நிற்கும் என்று நம்பித் தவறியதற்குச் சான்று ஒல்லாந்தில் உண்டு. அங்குள்ள ஊசுட்டர்செல்டு கழிமுகத்தில் 1964 ஆம் ஆண்டில் பசுபிக்குச் சிப்பிகள் வளர்ப்புக்காகக் கொணர்ந்து இடப்பட்டன. வடகடல் நீர் அவை இனம்பெருக்க முடியாத அளவு குளிர்ந்தது. எனவே வளர்ந்து பருக்கும், பரவமாட்டா என்பது எண்ணம். 1975, 1976 ஆம் ஆண்டுகளின் கோடை வழக்கத்திலும் வெப்பமாயிருந்தது. அக்கோடைகளிலே குஞ்சுகள் பெருந்தொகையாய்ப் பற்றின. பின்னர் அவை வடக்கே வாடன் கடல் வரை பரவி, மட்டிப் படுகைகள் பலவற்றின்மேல் கூரிய ஓட்டுப்பாறைகளாக வளர்ந்துவிட்டன. சராசரி வெப்பத்தைக் கணக்கிட்டோர், ஒரேயொரு வெப்பமான கோடையே ஒரு சிப்பிக்குப் போதும் என்பதைக் கணக்கிடவில்லை.

அதே வாடன் கடலில் வேறொரு மட்டிக்கு வெப்பம் கேடாய் முடிந்தது. சேற்றினுட் புதைந்து வாழும் பால்டிக்கு மட்டி இளவேனிற் காலத்தொடக்கத்தில் முட்டையிடும் இயல்பினது. குளிர்காலம் மிதமானால் அதன் உடற்பொருள் வீணே செலவழிந்து, முட்டைகளின் தொகை குறைகின்றது. இளவேனில் விரைவில் வெப்பமடைந்தால் அது முன்னதாகவே முட்டையிடுகின்றது. ஆனால் அதன் குடம்பிகள் உண்ணவேண்டிய நுண்பாசி அவ்வாறு முந்துவதில்லை. இளமட்டிகளை உண்ணும் இறாற்குஞ்சுகளோ சேற்றுவெளிக்கு முந்தி வந்து சேர்கின்றன. 2003 ஆம் ஆண்டில் பிலிப்பாட்டும் துணைவரும் முப்பதாண்டு அளவீடுகளை ஒருங்கு வைத்து இதனைக் காட்டினர். மட்டியின் உட்சுரப்பு தன் வெப்பமானியைப் பிழையின்றிப் படித்தது. அதே நீரில் வாழும் பாசி வேறொரு குறியை, ஒளியின் மிகுதியை, நோக்கியிருந்தது.